சி.டி.யின் 'கைரேகை' காட்டிக் கொடுத்தது! இரவல் பியானோ இசை: கணவர் குட்டு உடைந்தது

திருடனுக்கு மட்டுமா கைரேகை? இசைத் தட்டுக்கும் உண்டு! இங்கிலாந்தில் 2007-ல் பெரிய மோசடியைப் பிடித்துக் கொடுத்தது அதுதான்.

ஜாய்ஸ் ஹாட்டோ பியானோ கலைஞர். 1970-களிலேயே மேடை ஏறுவதை நிறுத்தி விட்டார். ஆனால் கடைசிக் காலத்தில் அவர் பெயரில் சி.டி.க்கள் குவிந்தன. நூறைத் தாண்டியது! வெளியிட்டவர் கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப். விமர்சகர்கள் ஆகா, ஓகோ என்றார்கள். 2006-ல் 77 வயதில் ஹாட்டோ காலமானார்.

அடுத்த ஆண்டு ரசிகர் ஒருவர் அவரது சி.டி.யை கம்ப்யூட்டரில் போட்டார். திரையில் வந்த பெயரோ லாஸ்லோ சிமோன். ஹங்கேரிக்காரர்!

எப்படி? சி.டி.யில் ஒவ்வொரு உருப்படியும் ஓடும் நேரம் விநாடியில் 75-ல் ஒரு பங்கு வரை துல்லியமாகப் பதிவாகி இருக்கும். அந்த எண்களைச் சேர்த்தால் அதுதான் 'ரேகை'. கம்ப்யூட்டர் அதைத் தன் பட்டியலில் தேடிப் பெயர் சொல்லி விடும். விமர்சகர்கள் காதுக்கு எட்டாதது இதற்கு எட்டியது!

நிபுணர்கள் ஒலி அலைகளையும் ஒப்பிட்டார்கள். அச்சு அசல் ஒன்றே. வேறு சில சி.டி.க்களில் வேகத்தை மாற்றி வைத்திருந்த தில்லுமுல்லும் அம்பலமானது.

முதலில் மறுத்த கணவர், பிறகு கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். நோயாளி மனைவி வாசிக்கும்போது வலியில் முனகியது பதிவில் விழுந்ததாம். அதை மறைக்கத்தான் அடுத்தவர் வாசித்ததை ஒட்டினாராம். மனைவிக்கு எதுவுமே தெரியாது என்றார்.