புகைபோக்கியுள்ள விறகடுப்பு

நிலத்திற்கு வேண்டிய எருவும் அடுப்பிற்கு வேண்டிய எரிபொருளும் ஒரே தொழுவத்திலிருந்து வரவேண்டியிருப்பது குடியானவர்களின் நெடுநாளைய சங்கடமாகும். விறகு குறையும்போது சாணம் வரட்டியாகி அடுக்களைக்குச் செல்கிறது. வயல் எருவின்றி நிற்கிறது. ஆகையால் அடுப்பைப் பற்றிய விஷயம் பெண்டிரை மட்டும் பொறுத்ததன்று. பண்ணை முழுவதையும் பொறுத்ததாகும்.

2016-ஆம் ஆண்டில் உஜ்வலா திட்டம் தொடங்கிய பின் காஸ் அடுப்பு பல கிராமங்களை எட்டியிருக்கிறது. தேகாரோக்கியத்திற்கு அதுவே மேலானது. அதனைப் பெற்றவர்கள் கைவிட வேண்டுவதில்லை. எனினும் வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், மாடுகளுக்குத் தீனி வேகவைக்கவும் விறகு எரியும் வீடுகள் இன்னும் அநேகம்.

திறந்த அடுப்பின் நஷ்டம்

மூன்று கல் கூட்டிய அடுப்பில் நெருப்பு நாற்புறமும் திறந்திருக்கிறது. காற்று ஜ்வாலையைப் பாத்திரத்தினின்று விலக்கிவிடுகிறது. விறகிலுள்ள உஷ்ணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே உலைக்குச் சேர்கிறது. புகை என்பதோ முற்றும் எரியாத விறகேயன்றி வேறன்று. அது கண்ணையும் சுவாசப்பையையும் கெடுக்கிறது. அடுப்பருகே இருக்கும் தாயும், அவள் இடுப்பிலுள்ள குழந்தையுமே அதனை மிகுதியாகச் சுவாசிக்கின்றனர். வீட்டினுள் எழும் இத்தகைய புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

கட்டும் முறை

ஒரே நெருப்பில் இரு பாத்திரங்களைச் சூடேற்றும் கொடியடுப்பு நம்மவர்க்குப் புதிதன்று. அத்தகைய அடுப்புடன் புகைபோக்கியை இணைத்துவிட்டால் வேண்டியது கிடைக்கும். ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு வகுத்துப் பரப்பிய புகையில்லா அடுப்பும் இவ்வகையினதே. அதனை விளக்கும் அவரது நூல் 1953-இல் வெளிவந்தது.

களிமண்ணுடன் மணல், நறுக்கிய வைக்கோல், சிறிது சாணம் ஆகியவற்றைச் சேர்த்து நன்றாக மிதித்துப் பதப்படுத்த வேண்டும். சுவரையொட்டி அடுப்பை எழுப்பி, விறகு நுழையுமளவே வாயை வைத்தல் நலம். முதற் கண்ணிலிருந்து இரண்டாவது கண்ணிற்குச் செல்லும் வழி மேல்நோக்கிச் சாய்வாக அமையவேண்டும். அதன் முடிவில் 4 அங்குல உள்ளகலமுள்ள சுட்ட மண் குழாயைப் பொருத்திக் கூரைக்கு மேல் 2 அடியாவது உயர்த்துக. ஓலை அல்லது வைக்கோல் கூரையாயின், குழாயைக் கூரையினூடே விடாது சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரையின் விளிம்பைத் தொடாதபடி நிறுத்துவது அவசியம்.

பாத்திரங்கள் கண்களில் இடைவெளியின்றி அமரவேண்டும். இரண்டாவது கண்ணை வெறுமையாக விடாமல் தண்ணீர்ப் பானை ஒன்றை வைத்துவிட்டால், புகையும் வெளிவராது, வெந்நீரும் கிடைக்கும். அடுப்பு நன்கு உலர்ந்த பின்னரே சிறு நெருப்பில் தொடங்கிப் பழக்குக.

விறகின் பக்குவம்

பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகும். 10 கிலோ பச்சை விறகிலுள்ள 5 கிலோ தண்ணீரை ஆவியாக்குவதற்கே சுமார் 800 கிராம் உலர்ந்த விறகின் உஷ்ணம் வீணாகிறது. விறகைப் பிளந்து, மழைபடாத இடத்தில் காற்றோட்டமாக அடுக்கி, பல மாதம் உலரவிடுபவர்களுக்குப் புகையும் குறையும், செலவும் குறையும்.

பராமரிப்பே பிரதானம்

1983-இல் தொடங்கி 2002 வரை நடந்த தேசீயத் திட்டத்தின் கீழ் இந்திய கிராமங்களில் கோடிக்கணக்கில் இவ்வகை அடுப்புகள் கட்டப்பட்டன. அவற்றில் அநேகம் சில ஆண்டுகளில் பயனற்றுப் போயின. ஒடிசாவில் 4 ஆண்டுகள் வரை கவனித்து 2012-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியும் இதையே காட்டிற்று: முதல் ஆண்டில் குறைந்த புகைத் தொல்லை பின்னர் பழையபடியாயிற்று. வெடிப்புகள் பூசப்படவில்லை, குழாய்கள் துப்புரவு செய்யப்படவில்லை, வீட்டார் பலர் பழைய அடுப்பிற்கே திரும்பிவிட்டனர்.

எனவே 15 நாட்களுக்கொருமுறை புகைபோக்கியிலுள்ள கரியை நீண்ட கழியில் துணி சுற்றித் தட்டி நீக்குக. வெடிப்பு கண்டவுடன் மண் பூசுக. இவ்வேலையை அடுப்படியில் நிற்பவளுக்கே விட்டுவிடாமல், ஏர் பழுது பார்க்கும் ஆடவரே மேற்கொள்ளுதல் முறையாகும்.

எருவும் சாம்பலும்

அடுப்பில் மிச்சமாகும் விறகு, வரட்டிக்குப் போகும் சாணத்தை மீட்டுத் தரும். சாணத்தை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது; குழியிலிட்டு மக்கச் செய்தால் அதில் பெரும்பகுதி நிலத்திற்குச் சேரும். விறகுச் சாம்பலில் சாம்பற்சத்து உண்டு. தென்னைக்கும் வாழைக்கும் இடலாம். ஆனால் அதனை எருக்குழியிலோ அம்மோனியம் சல்பேட்டுடனோ கலத்தலாகாது. கலந்தால் தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும்.

மண்ணும் வைக்கோலும் வீட்டிலேயே உள்ளன. விலைகொடுத்து வாங்கவேண்டியது குழாய் ஒன்றே. அறுவடை முடிந்து கைவேலை குறைந்திருக்கும் நாட்களில் இதனைக் கட்டி முடிப்பவர்களின் சாணம், அடுத்த பருவத்திற்குள் எருவாகிக் குழியில் காத்திருக்கும்.