இதயத்தின் நிலப்படம்

கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரையில், மேட்டின்மேல் நின்று பள்ளத்து நெல்வயல்களை நோக்குவோர்க்கு அவை யாவும் ஒரே பச்சை விரிப்பாகத் தோன்றும். கீழே இறங்கி வரப்பின்மீது நடந்தால், அவ்விரிப்பினூடே ஓரடி அகலமுள்ள வாய்க்கால்கள் நீர் சுமந்து ஓடுவது புலப்படும். நோக்கும் தொலைவுக்கு ஏற்பக் காட்சி மாறுகிறது. இவ்வுண்மை மனித இதயத்துக்கும் பொருந்தும். தழும்புற்ற இதயத்தின் மின்னோட்டத்தை அளந்து படம் வரையும் மருத்துவர்க்கு, இது ஓர் உயிரைக் காக்கும் உண்மையாகும்.

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னதாகச் சிறியதொரு மின் அலை எழுந்து, அதன் தசை முழுவதும் பரவுகிறது. அவ்வலை பிறக்கும் இடத்தை 1907-ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் இருவர் கண்டறிந்தனர். அவ்வலையை உடலின் மேற்புறத்திலிருந்தே துல்லியமாகப் பதியும் கருவியை அமைத்த டச்சு அறிஞர் வில்லெம் ஐந்தோவன் 1924-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

மாரடைப்பினால் குருதி கிடைக்காது இறந்த தசை, நாளடைவில் நார்த்தழும்பாக மாறுகிறது. தழும்பு சுருங்காது, மின் அலையையும் கடத்தாது. ஆயினும் தழும்பு முழுவதும் இறந்த நிலமன்று. அதனூடே உயிர் பிழைத்த தசையிழைகள் சில, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனில், வளைந்து நெளிந்து செல்வதுண்டு. அவற்றுள் புகுந்த அலை மிக மெதுவாகச் செல்லும். அது மறுபுறம் வெளிப்படும்போது, சுற்றியுள்ள நலமான தசை முந்திய துடிப்பிலிருந்து மீண்டு, புதிய அலையை ஏற்க ஆயத்தமாக இருக்கும். எனவே அலை வெளியே பரவி, மீண்டும் அதே இழையினுள் புகுந்து, ஓயாது சுற்றத் தொடங்குகிறது. இத்தகைய சுழற்சி இதயத் தசை வளையங்களில் நிகழக்கூடும் என்பதை ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் என்னும் ஆங்கில உடலியல் அறிஞர் 1913-ஆம் ஆண்டிலேயே காட்டினார்.

இச்சுழற்சியின் விளைவு கொடியது. நிமிடத்துக்கு 72 முறை அளவில் துடிக்க வேண்டிய இதயம் 150, 200 என விரைகிறது. அதன் அறைகள் நிரம்பப் பொழுதில்லை, குருதியழுத்தம் தாழ்கிறது, நோயாளி மயங்கி விழுகிறார், சில வேளைகளில் உயிரும் பிரிகிறது. ஆதலின் அந்த இழை எங்கே உள்ளது எனக் காண்பது இன்றியமையாததாகும்.

இதற்காக மருத்துவர், தொடையின் மேற்பகுதியிலுள்ள குருதிக்குழாய் வழியே மெல்லியதொரு குழலை இதயத்தினுள் செலுத்துகின்றனர். குழலின் நுனியில் மின்வாய்கள் உள்ளன. இரு மின்வாய்களுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டைச் சுவரின் பல நூறு புள்ளிகளில் அளக்க, கணிப்பொறி அவற்றை வண்ணப் படமாகத் தீட்டுகிறது. 2000-ஆம் ஆண்டில் மார்ச்லின்ஸ்கி முதலிய அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட ஆய்வைத் தழுவி, கீழறைகளில் 1.5 மில்லிவோல்ட்டுக்கு மேற்பட்ட இடம் நலமான தசை என்றும், 0.5-க்குக் குறைந்த இடம் அடர்ந்த தழும்பு என்றும் கொள்வது வழக்கமாயிற்று.

இங்கேதான் மின்வாய்களின் அளவும் இடைவெளியும் முதன்மை பெறுகின்றன. பழைய வகைக் குழலின் நுனி மின்வாய் 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமுடையது. அது தன்கீழ் உள்ள இழையையும் தழும்பையும் சேர்த்துச் சராசரியாகவே உணரும். இடைவெளி அகன்றிருப்பின், தொலைவிலுள்ள நலமான தசையின் பேரொலியும் வந்து கலக்கும். சந்தை இரைச்சலில் ஒருவர் மெல்லப் பேசுவது கேளாததுபோல, இழையின் சிற்றொலி அதில் அமிழ்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் மின்வாய்களை இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் அமைத்தாலோ, அவை தம் அருகில் நிகழ்வதையே பெரிதும் கேட்கும். முன்பு வெறுந்தழும்பு எனக் குறிக்கப்பட்ட இடத்தில், இழையின் கூரிய குறி தனித்துத் தோன்றும்.

ஆனால் இடைவெளியைக் குறைப்பதொன்றே போதாது. அலை இரு மின்வாய்களையும் ஒரே கணத்தில் அடையுமாயின் வேறுபாடு ஏறக்குறைய இல்லாது போகும். உயிருள்ள தசையும் இறந்ததாகத் தோன்றும். இக்குறையை நீக்க, 16 மின்வாய்களை நான்கு வரிசைகளில் சதுரமாக அமைத்து, நெடுக்கிலும் குறுக்கிலும் அளக்கும் குழல்கள் வந்துள்ளன. நெருங்கிய மின்வாய்கள் சுவரின் ஆழத்திலுள்ள தழும்பை நன்கு காணமாட்டா. அதற்கு அகன்ற புலத்தை நோக்கும் அளவீடே உதவும். மேலும், ஒரு குழலுக்கு வகுத்த 1.5 என்னும் எல்லை மற்றொரு குழலுக்கு அப்படியே பொருந்தாது. படிக்கல் மாறினால் எடையும் மாறுமன்றோ?

சுழற்சியைத் தாங்கும் இழை தெரிந்தபின், ரேடியோ அதிர்வெண் மின்னோட்டத்தால் அவ்விடத்தைச் சூடாக்குகின்றனர். வெப்பம் ஏறத்தாழ 50 பாகை செல்சியஸைக் கடந்தால் அத்தசை மீளாது. அலையின் வழி அடைபடும். தவறான இடத்தைச் சுட்டால் நலமான தசை வீணே அழியும். உரிய இழையைத் தவறவிட்டால் நோய் திரும்பும்.

ஓரிடத்தில் ஒன்றும் இல்லை என்று கூறுமுன், எத்தகைய கருவியால், எவ்வளவு இடைவெளியில் அளக்கப்பட்டது என வினவுவதே அறிவியலின் ஒழுக்கமாகும். அவ்வினாவை மறவாத மருத்துவரின் கையில், சில மில்லிமீட்டர் வேறுபாடு ஒரு மனிதரின் வாழ்நாளை நீட்டிக்க வல்லது.