ஒரு கிலோ சர்க்கரைக்கு ரூ.34.60

திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்து நின்றதும் இரண்டு கணக்குகள் தொடங்குகின்றன. எடை மேடையில் விவசாயியின் கணக்கு: எத்தனை டன்? ஆலைக்குள் இன்னொரு கணக்கு: சர்க்கரைக் கட்டுமானம் எவ்வளவு? அதாவது, 100 கிலோ கரும்பு அரைத்தால் எத்தனை கிலோ சர்க்கரை? கரும்பின் உயிரியல் ஆராய்ச்சி இரண்டு கணக்கிலும் வரவு வைக்கக்கூடியது. ஆனால் அந்த வரவு யார் பேரில் ஏறுகிறது என்பதில்தான் சிக்கல்.

விலைக் கணக்கு

2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை, கட்டுமானம் 10.25% இருந்தால் குவிண்டாலுக்கு ரூ.355. கட்டுமானம் 0.1% ஏறினால் ரூ.3.46 கூடும், இறங்கினால் அதே அளவு குறையும். 9.5 சதவீதத்தில் இறக்கம் நின்றுவிடும். அதற்குக் கீழே எவ்வளவு போனாலும் ரூ.329.05, அதாவது டன்னுக்கு ரூ.3,290.50.

ஒரு டன்னில் 0.1% என்பது ஒரு கிலோ சர்க்கரை. ஆக, அந்தக் கிலோவுக்குச் சட்டம் போட்ட விலை ரூ.34.60. ஆனால் 9.5க்குக் கீழே அதே கிலோவின் விலை சுழியம். கட்டுமானம் 9.0இலிருந்து 9.4 ஆக உயர்ந்தால் டன்னுக்கு 4 கிலோ சர்க்கரை கூடுதல். 2019 பிப்ரவரியில் நிர்ணயித்த குறைந்தபட்ச விற்பனை விலையான ரூ.31 என்று வைத்தாலும் ஆலைக்கு ரூ.124 வரவு. விவசாயிக்கு ஒரு காசு கூடாது. தமிழக ஆலைகள் பலவும் இந்தக் கோட்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்பவை. 2024-25 பருவத்தில் மாநில அரசு, அப்போது இதைவிடக் குறைவாக இருந்த ஆதார விலையோடு டன்னுக்கு ரூ.349 சிறப்பு ஊக்கத்தொகை சேர்த்து ரூ.3,500 ஆக்கியது, அதுவும் எடைக்குத்தான்.

இன்னொன்று: கட்டுமானம் ஆலை முழுவதற்குமான சராசரி. நல்ல ரகம் போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே எண்.

குரோமோசோம் கணக்கு

கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் 1912இல் தொடங்கியது. விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் அங்கே ‘வெள்ளை’ என்ற சாகுபடிக் கரும்போடு, உள்ளூரில் தானாய் வளர்ந்த நாணல் வகைக் காட்டுக் கரும்பைக் கலந்தார்கள். 1918இல் வெளிவந்த கோ 205 அந்தக் கலப்பின் பிள்ளை.

தாய்க்கு 80 குரோமோசோம், தந்தைக்கு 64. பாதி பாதி சேர்ந்தால் 40 + 32 = 72 வரவேண்டும். வந்தது 112. இந்தக் கலப்பில் தாய்க் கரும்பு தன் 80ஐயும் அப்படியே கொடுத்துவிடுகிறது. காட்டுத் தந்தை மட்டும் பாதி தருகிறது. சர்க்கரை தாய்வழி, தாங்கும் குணம் தந்தைவழி.

எழுத்துக் கணக்கு

இந்தக் கூட்டுக் குடும்பத்தின் மரபணுத்தொகுதியைப் பிரித்துப் படிக்க நூறாண்டு ஆயிற்று. ரீயூனியன் தீவில் உருவான ஆர் 570 என்ற ரகத்தின் தொகுதி 2024 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. குரோமோசோம் சுமார் 114. தொகுத்த டி.என்.ஏ. எழுத்துகள் 870 கோடி. மனித உயிரணுவில் அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் கூட்டினாலும் சுமார் 620 கோடிதான். பழுப்புத் துரு நோயை அந்த ரகம் தாங்குவதற்குக் காரணமாக இருக்கக்கூடிய மரபணுக்களையும் இந்த ஆய்வு அடையாளம் காட்டியது.

திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடு 31 ஏடுகள். பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்ததை எல்லையோடு எழுதிவைத்தது. 870 கோடி எழுத்தும் அப்படி ஓர் எல்லை ஆவணம்தான். சாகுபடி இனிமேல்தான். கலப்பு செய்து, தேர்ந்து, வயலில் சோதித்து ஒரு ரகத்தை வெளியிட இன்றும் 12 முதல் 15 ஆண்டுகள் ஆகின்றன. நாற்றிலேயே மரபணுவைப் பார்த்துக் கழிக்க முடிந்தால் அதில் சில ஆண்டுகள் மிச்சமாகும்.

ரகம் வந்தபின்னும் செலவுப் பக்கம் ஓயாது. 2009இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் 80 சதவீதத்தைத் தாண்டியது. பிறகு செவ்வழுகல் பூஞ்சை அதை உடைத்தது. ஒரே ரகம் பெருகப் பெருக, பூஞ்சைக்கு ஒரே சாவி போதும்.

கரணைக் கணக்கு

ஏக்கருக்கு இருபருக் கரணை 30,000 வைப்பது பழைய வழக்கம். அதாவது 60,000 பரு. பருவை மட்டும் சீவியெடுத்து வளர்த்த பருசீவல் நாற்றாக நட்டால் 5,000 போதும். பன்னிரண்டில் ஒரு பங்கு. மிஞ்சும் கரும்பு விதையாக மண்ணுக்குள் போகாமல் எடை மேடைக்குப் போகலாம். விவசாயியின் கையில் நேராகச் சேரும் வரவு இது.

நேரக் கணக்கு

வெட்டிய கரும்புக்கு உயிர் இருக்கிறது. அதன் சொந்த நொதியே சர்க்கரையை உடைக்கும்: 342 கிராம் சுக்ரோஸ் 18 கிராம் நீரோடு சேர்ந்து 360 கிராம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகிறது. எடை குறையவில்லை, ஆனால் அது படிகமாகாமல் கழிவுப்பாகோடு போய்விடும்.

வெட்டுவாய் வழியே லியூகோனோஸ்டாக் பாக்டீரியா நுழைகிறது. மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் ஒன்று 12 மணி நேரத்தில் 4,096. 24 மணி நேரத்தில் 1,67,77,216. அது சுக்ரோஸைப் பிளந்து, குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்து டெக்ஸ்டிரான் என்ற பிசினாக்குகிறது. அந்தப் பிசின் சாற்றை வழவழப்பாக்கும், வடிகட்டலை மந்தமாக்கும், படிகத்தின் வடிவத்தைக் கெடுக்கும்.

நாளுக்கு 2,500 டன் அரைக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். டன்னுக்கு ஒரு கிலோ இப்படிப் போனால் ஒரு நாளில் 2,500 கிலோ, அதே ரூ.31 விலையில் ரூ.77,500. 120 நாள் அரவையில் ரூ.93 லட்சம்.

விவசாயியின் இழப்பு வேறு. கரும்பில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். வெயிலில் காத்திருக்கும் 10 டன் சுமை ஒரே ஒரு சதவீதம் காய்ந்தாலும் 100 கிலோ குறைவு, ரூ.329 நட்டம்.

ஐந்தொகை

ஒரு டன் எடை கூடினால்: விவசாயிக்கு ரூ.3,290.50.
9.5க்கு மேல் ஒரு கிலோ சர்க்கரை கூடினால்: டன்னுக்கு ரூ.34.60.
9.5க்குக் கீழே கூடினால்: 0.
புதிய ரகத்துக்கு: 12 முதல் 15 ஆண்டு.
பாக்டீரியா ஒன்று ஒன்றரைக் கோடியைத் தாண்ட: ஒரு நாள்.

இதைப் பார்த்த விவசாயி எடை தரும் ரகத்தையே கேட்பார், அதில் தவறில்லை. சர்க்கரை கூடுதலாகத் தரும் ரகத்தை அவர் நட வேண்டுமென்றால், 9.5க்குக் கீழே கூடும் கிலோவுக்கும் ஒரு விலை வேண்டும். ஆய்வகம் பதினைந்து ஆண்டில் சேர்க்கும் கிலோவை ஆலை வாசலில் ஒரே நாளில் இழக்காமலிருக்க, எடைச் சீட்டில் டன்னுக்குப் பக்கத்தில் கரும்பு வெட்டிய நேரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும். பணம் கணக்கிடுபவர் அந்தக் கட்டத்தையும் பார்த்துக் கணக்கிட வேண்டும்.