ஒரு டம்ளர் மாதுளைச் சாறு

புராஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோய்க்காக எடுத்துவிட்டு வீடு திரும்பியவர் அதற்குப் பிறகு ஒரே ஒரு எண்ணுக்காகத்தான் காத்திருப்பார். லேப் சீட்டில் வரும் பி.எஸ்.ஏ. அளவு அது; புராஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடும் ஒரு புரதத்தின் அளவு. சுரப்பியே இல்லாதபோது அது பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். 0.2-ஐத் தாண்டி ஏறினால், எங்கோ சில புற்றணுக்கள் தப்பிக் கிடக்கின்றன என்று பொருள். வலி இருக்காது, ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. எண் மட்டும் ஏறும். அது எத்தனை மாதத்தில் இரட்டிப்பாகிறது என்பதை வைத்தே நோயின் வேகத்தை மருத்துவர்கள் கணிக்கிறார்கள்.

அறுவை சிகிச்சைக்கோ கதிர்வீச்சுக்கோ பிறகு இப்படி எண் ஏறிய 46 பேருக்கு, லாஸ் ஏஞ்சலிஸில் மருத்துவர் ஆலன் பான்டக் குழுவினர் தினமும் 8 அவுன்ஸ் மாதுளைச் சாறு கொடுத்தார்கள். ஒரு பெரிய டம்ளர் அளவு. 2006-ல் முடிவு வெளிவந்தது. சராசரியாக 15 மாதத்தில் இரட்டிப்பான பி.எஸ்.ஏ., சாறு குடித்த பிறகு 54 மாதம் எடுத்துக்கொண்டது. உலகம் முழுக்கச் செய்தியானது.

ஆனால் அந்த 46 பேரில் சாறு குடிக்காதவர் ஒருவர்கூட இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க 183 பேரை வைத்து அடுத்த ஆய்வு நடந்தது. சிலருக்குச் சாறு, பலருக்கு மாதுளைச் சத்து, 64 பேருக்கு மாதுளையே கலக்காத போலி. முடிவு 2015-ல் வந்தது. மாதுளைச் சத்து எடுத்தவர்களின் இரட்டிப்புக் காலத்தின் நடுமதிப்பு 12.9 மாதத்திலிருந்து 14.5 ஆனது. போலியைக் குடித்தவர்களுக்கோ 11.1 மாதம் 15.6 ஆனது! சாறு குடித்த 17 பேருக்கு 12.7 மாதம் 20.3 ஆனது உண்மைதான். ஆனாலும் புள்ளியியல் கணக்கில் குழுக்களுக்கு இடையே வேறுபாடு தேறவில்லை.

ஒன்றும் குடிக்காமலே வேகம் குறையுமா? குறையும். பி.எஸ்.ஏ. ஏறி இறங்கி ஆடும் எண். அது சட்டென்று எகிறும் நேரத்தில்தான் பலர் ஆய்வில் சேருகிறார்கள். பிறகு அது தானாகவே சற்று அடங்கும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது குடித்த கஷாயத்துக்கு மறுநாள் நல்ல பெயர் கிடைப்பதில்லையா, அப்படித்தான்.

பாம் வண்டர்ஃபுல் என்ற சாறு நிறுவனம் இரண்டாவது ஆய்வின் முடிவு வருமுன்பே புராஸ்டேட் புற்றுநோயைச் சொல்லியே விளம்பரம் செய்திருந்தது. அவை ஏமாற்று விளம்பரங்கள் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2013-ல் தீர்ப்பளித்தது.

மாதுளை நல்ல பழம்தான், பிடித்தவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அந்த டம்ளரில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். சாறுதான் குடிக்கிறோமே என்று அவர் அடுத்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிடுவாரோ என்பதுதான் எனக்குக் கவலை.