எந்தக் கோஷ்டிக்குக் கைதட்டுவது?

ஜாகை மாற்றுவது என்றால் லேசான காரியமா? பாத்திரம் பண்டங்களைக் கட்டி, பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, நல்ல காபிப் பொடி எங்கே கிடைக்கும் என்று விசாரித்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அமெரிக்காவில் ஊர் மாறுகிறவர்களுக்கு இன்னொரு பிரச்னையும் உண்டு. "அம்மா, இந்த ஊரில் நாம் எந்தக் கூடைப்பந்துக் கோஷ்டியின் கட்சி?" என்று பிள்ளை கேட்பான். சிரிக்காதீர்கள்! வகுப்பில் அவனுக்குச் சிநேகிதர்கள் கிடைப்பதே அந்தப் பதிலைப் பொறுத்திருக்கலாம்.

பல ஊர்களில் பதில் சுலபம். ஸியாட்டில் நகருக்குக் குடிபோகிறவர்கள் பாடுதான் சங்கடம்.

1967-லிருந்து அந்த ஊருக்கு 'ஸூப்பர்ஸானிக்ஸ்' என்ற ஆடவர் கோஷ்டி இருந்தது. ஒலியை மிஞ்சும் விமானம் ஒன்றைத் தயாரிக்கப் போயிங் கம்பெனி அங்கே திட்டமிட்டிருந்த சமயம். அந்தப் பெருமையில் வைத்த பெயர். (1971-ல் திட்டம் கைவிடப்பட்டது, விமானம் பறக்கவே இல்லை.) 1979-ல் கோஷ்டி சாம்பியன் பட்டம் பெற்றது. 2006-ல் ஓக்லஹோமா பிரமுகர்கள் சிலர் அதை விலைக்கு வாங்கினார்கள். புது அரங்கம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2008-ல் கோஷ்டியையே தங்கள் ஊருக்குக் கொண்டு போய்விட்டார்கள். 41 வருஷத்து உறவு! பெயரும், பச்சையும் பொன்னுமான நிறங்களும் மட்டும் ஸியாட்டிலில் தங்கின. 'தண்டர்' என்ற புதுப் பெயரில் அவர்கள் 2025-ல் பட்டம் வென்றபோது, பழைய ரசிகர்களில் எத்தனை பேருக்குக் கைதட்ட மனம் வந்திருக்கும்?

ஆகவே தண்டர் வேண்டாம். தெற்கே காரில் மூன்று மணி நேரத்தில் போர்ட்லண்ட் இருக்கிறது. ஆனால் அது பழைய போட்டிக்காரர்களின் ஊர். அவர்களுக்குக் கைதட்டினால் பக்கத்து வீட்டு அம்மாள் முகம் கொடுத்துப் பேசுவது சந்தேகமே.

பின் யார்? அந்த 2006 வியாபாரத்தில் இன்னொரு கோஷ்டியும் சேர்ந்தே கைமாறியிருந்தது. 2000-ல் ஆடத் தொடங்கிய 'ஸ்டார்ம்' என்ற பெண்கள் கோஷ்டி. அதுவும் போய்விடுமோ என்று ஊர் கவலைப்பட்ட வேளையில், 2008 ஆரம்பத்தில், உள்ளூர்ப் பெண்மணிகள் நால்வர் சேர்ந்து சுமார் ஒரு கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஒலிம்பிக் படகுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். ஆடவர் கோஷ்டி மூட்டை கட்டியது. பெண்கள் கோஷ்டி ஊரிலேயே நின்றது.

நின்றதோடு போகவில்லை. 2004, 2010, 2018, 2020 என்று நான்கு பட்டங்கள்! நான்கிலும் ஆடியவர் ஸூ பேர்ட். 2002-லிருந்து 2022 வரை அவருக்கு இந்த ஒரே கோஷ்டிதான். 2018 அரை இறுதியில் மூக்கு எலும்பு முறிந்து, முகத்தில் கவசத்தோடு, கடைசிக் கால் பகுதியில் மட்டும் 14 புள்ளிகள் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 37!

ஆடவர் கோஷ்டி மீண்டும் வரட்டும், வராமல் போகட்டும்; என் ஓட்டு ஸ்டார்முக்கே. அவர்கள் ஆடும் அரங்கமும் ஸூப்பர்ஸானிக்ஸ் ஆடிய அதே இடம்தான். 1962 உலகக் கண்காட்சிக்குப் போட்ட கூரையை அப்படியே நிறுத்திவைத்து, அதன் கீழே எல்லாவற்றையும் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள்.

மே மாதம் ஆட்டங்கள் ஆரம்பமாகும். பிள்ளையோடு பெண்ணையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஸியாட்டில் என்றதும் குடையைத் தேடுவீர்கள்; கோடையில் அங்கே மழை குறைவுதான்.