உலக சாம்பியன் ஆன டீசல் கார்!

டீசல் கார் என்றால் லோடு இழுக்கும், மைலேஜ் கொடுக்கும், ரேஸுக்கு ஆகாது. பலருடைய எண்ணமும் இதுதான். அதை உடைத்தது ஸ்பெயினைச் சேர்ந்த சியாட் நிறுவனம்.

2007-ம் ஆண்டு, உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் சீசன் நடுவே ‘லியோன் டி.டி.ஐ’ என்ற டீசல் காரைக் களமிறக்கியது சியாட். 2 லிட்டர் டர்போ இன்ஜின். பெட்ரோல் இன்ஜினைவிட எடை அதிகம் என்பதால் முன் டயர்களுக்குச் சுமை கூடும். ஆனால், குறைந்த ஆர்.பி.எம்-மிலேயே டார்க் அள்ளிக் கொடுக்கும். அதனால் வளைவைத் தாண்டியதும் கார் சீறிப் பாய்ந்தது.

அந்த சீசனின் கடைசிக் களம் மக்காவ். முதல் ரேஸில் முன்னிலையில் இருந்தார் சியாட் வீரர், பிரான்ஸின் இவான் முல்லர். திடீரென கார் மக்கர் செய்ய, பட்டம் பி.எம்.டபிள்யூ வீரர் ஆண்டி பிரியோவுக்குப் போனது.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லையே என்று சியாட் ஓய்ந்துவிடவில்லை. 2008-ல் அதே முல்லர், அதே டீசல் காரில் உலக சாம்பியன்! 2009-ல் இத்தாலியின் கேப்ரியேலி டார்குயினி, 47 வயதில் பட்டம் வென்றார். இரண்டு ஆண்டுகளுமே தயாரிப்பாளர் பட்டமும் சியாட்டுக்குத்தான்.

அத்துடன் தன் நேரடி அணியை விலக்கிக்கொண்டது சியாட். டீசலாலும் ஜெயிக்க முடியும் என்று காட்டிவிட்டுத்தான் கிளம்பியது!