செருப்புக்குக் காவல்!

உங்கள் வீட்டில் செருப்புக்குக் காவல் யார்?

கேள்வி புரியவில்லையா? சொல்கிறேன். குடும்பத்தோடு பீச்சுக்குப் போகிறீர்கள். வேன் நின்றதும் வாண்டுகள் குதித்து ஓடுகின்றன. பின்னாலேயே நீங்களும் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்குகிறீர்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் ஸீட்டை விட்டு நகரமாட்டார். "நீங்க போயிட்டு வாங்க. நான் செருப்பு, பை எல்லாம் பாத்துக்கிறேன்" என்பார். நீங்களும் 'அப்பாடா' என்று செருப்பைக் கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டு ஓடுவீர்கள்.

எங்கள் வீட்டில் இந்தப் பதவி அப்பத்தாவுக்கு. வயசு 84. இரண்டு முழங்கால்களும் ராஜினாமா கொடுத்துப் பத்து வருஷம் ஆகிறது. மெரினா, திருச்செந்தூர், கன்னியாகுமரி... மூன்று ஊரிலும் அப்பத்தா பார்த்தது முன் ஸீட்டின் முதுகைத்தான்.

எனக்குச் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. சொந்த ஊர் நெற்குப்பை. செட்டிநாட்டில், பெரிய பெரிய வீடுகளும் சின்னச் சின்ன ஜனத்தொகையும் உள்ள ஊர். பயண நூல்கள் எழுதிப் பேர் வாங்கிய சோமலெ (1921 - 1986) பிறந்த ஊரும் இதுதான். அவர் உலகத்தைச் சுற்றிவந்து புத்தகம் புத்தகமாக எழுதினார். அதே ஊரில் பிறந்த நான், சொந்த அப்பத்தாவைக் கடல் தண்ணீர் வரைக்கும் கூட்டிப் போகத் துப்பில்லாமல் இருந்தேன்.

அன்றைக்கு அத்தான் மட்டும் அந்த வீடியோவைக் காட்டாமல் இருந்திருந்தால் இன்னும் அப்படியே இருந்திருப்பேன்.

வீடியோவில் கிரேக்க நாட்டுக் கடற்கரை. நீலக் கடல். கரையிலிருந்து தண்ணீருக்குள் தண்டவாளம் மாதிரி ஒன்று இறங்குகிறது. அதன் மேல் ஒரு நாற்காலி. நடக்க முடியாத ஒரு மனிதர் அதில் உட்கார்ந்து பட்டனை அமுக்குகிறார். நாற்காலி 'ஜம்'மென்று கடலுக்குள் போகிறது. அவர் வழுக்கி இறங்கி நீந்த ஆரம்பித்துவிடுகிறார். தூக்கிவிட ஆளில்லை. கரன்ட் சூரிய வெளிச்சத்திலிருந்தே வருகிறது. 'சீட்ராக்' என்று பெயராம். அந்த நாட்டுத் தீவுகள் பலவற்றில் வைத்திருக்கிறார்கள்.

அப்பத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்.

"இது எந்த ஊரு தம்பி?"

"கிரீஸ், அப்பத்தா. ரொம்ப தூரம்."

"நம்ம தனுஷ்கோடியில இது உண்டா?"

எனக்குச் சுருக்கென்றது. தனுஷ்கோடியை ஏன் கேட்டார்? அன்றைக்கு ராத்திரிதான் சொன்னார். அப்பத்தாவின் அப்பச்சி கொழும்புக்குக் கொண்டுவிக்கப் போனவர். (அப்பச்சி என்றால் அப்பா. கொண்டுவிக்கப் போவது என்றால் கடல் கடந்து வியாபாரத்துக்குப் போவது. எங்கள் பக்கத்து பாஷை.) அந்தக் காலத்தில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இர்வின், கோஷன் என்று கப்பல்களுக்குப் பெயர். 1951-ல், பத்து வயசில், வழியனுப்ப அப்பத்தாவும் போயிருக்கிறார். கப்பல் போன பிறகு, "தண்ணியில காலை நனைச்சுக்கிறேன் ஆத்தா" என்று கேட்டாராம். "ரயிலுக்கு நேரமாச்சு. அப்பச்சி திரும்பி வரையில கூட்டியாறேன்" என்றாராம் ஆத்தா.

"அப்பச்சி மூணு வருஷத்துல திரும்பி வந்தாக. என்னையத்தான் யாரும் கூட்டிப் போகலை" என்று சிரித்தார் அப்பத்தா.

கணக்குப் போட்டேன். 74 வருஷம். ஆபீஸில் என் லீவ் லெட்டர்கூட இவ்வளவு நாள் பெண்டிங்கில் இருந்ததில்லை!

2025 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நாலு மணிக்கு வேன் கிளம்பியது. அப்பச்சி, ஆத்தா, ஆச்சி (அக்காவுக்கு எங்கள் ஊர்ப் பெயர்), அத்தான், அவர்களுடைய இரண்டு வாண்டுகள், நான், அப்பத்தா. பின்னால் இரவல் வாங்கிய சக்கர நாற்காலி. அதற்கும் பின்னால் ஆத்தாவின் எவர்சில்வர் தூக்குகள்: புளியோதரை, தயிர்ச்சோறு, சீப்புச்சீடை, தேன்குழல். ஒரு நாள் பிக்னிக்கா, ஒரு வார முற்றுகையா என்று டிரைவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தேவகோட்டை தாண்டி டீ குடித்தோம். அப்பத்தா வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாமாம். ஆச்சிதான் என் காதைக் கடித்தாள். "அப்பத்தா நேத்து ராத்திரியிலேர்ந்து தண்ணியே குடிக்கலைடா. வழியில பாத்ரூம் எப்படி இருக்குமோன்னு பயம்."

அவர் பயந்தது சரிதான். அடுத்து நிறுத்திய பெட்ரோல் பங்க்கில் கழிவறைக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு இரண்டு படி. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. நானும் அத்தானும் கைத்தாங்கலாகத் தூக்கி ஏற்றினோம். ஊருக்கு ஊர் ஐ லவ் போர்டு வைக்கிறார்கள். அதில் ஓர் எழுத்தின் செலவில் இந்தப் படிக்கு ஒரு கைப்பிடி போட்டுவிடலாமே!

பாம்பன் வந்ததும் வாண்டுகள் கூச்சல். 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் வேன் போகிறது. பக்கத்தில் 1914-ல் போட்ட பழைய ரயில் பாலம். அதற்கும் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலம். கப்பல் வந்தால் நடுத்துண்டு லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகும். "இந்தப் பழைய பாலத்துல நான் போயிருக்கேன்" என்றார் அப்பத்தா. பாலத்தைக் கட்டியதே அவர்தான் என்பது போல வாண்டுகள் அவரை நிமிர்ந்து பார்த்தன.

"முதல்ல கோயிலா?" என்று அப்பச்சி கேட்டார்.

"ராமநாதசாமியை எத்தனையோ தடவை பாத்தாச்சு. அவரு கோவிச்சுக்கமாட்டாரு. கடலுக்குப் போ" என்றார் அப்பத்தா.

அரிச்சல்முனைக்கு இப்போது கடைசி வரைக்கும் தார் ரோடு. முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கு மேல் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கி வேனில் போக வேண்டும். அப்பத்தாவின் இடுப்புக்கு அதெல்லாம் ஆகிற காரியமா? 2017-ல் திறந்த சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் ரோடு அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டது.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் அழிந்த ஊர் கண்ணாடி ஜன்னலில் வந்து போனது. கூரையில்லாத சர்ச், ஸ்டேஷனின் மொட்டைச் சுவர்கள். "இங்கதான் கூட்டமா இருக்கும். பெட்டியும் படுக்கையுமா..." என்று ஆரம்பித்த அப்பத்தா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ரோடு முடியும் இடத்தில் வேன் நின்றது. இரண்டு பக்கமும் கடல். அங்கே குளிப்பது ஆபத்து. நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். தண்ணீர் ஓரத்துக்குப் போகலாமா என்று பார்த்தால் கல்லும் ஆழ மணலும். சக்கர நாற்காலியைக் கீழே இறக்கிப் பத்தடி தள்ளினேன். முன் சக்கரம் இரண்டும் மணலில் புதைந்தன. ஒரு அங்குலம் நகரவில்லை.

"விடுப்பா. நீங்க போயிட்டு வாங்க. நான்..."

'செருப்பைப் பாத்துக்கிறேன்' என்று முடிப்பதற்குள் வாண்டுகள் பறந்துவிட்டன. நானும் போனேன். போட்டோ எடுத்தேன். ஒளிப்பானேன்? நான்கூட அரைமணி நேரம் அப்பத்தாவை மறந்துதான் போனேன்.

திரும்பி வந்தபோது வேன் கதவு திறந்திருந்தது. அப்பத்தாவின் காலடியில் ஏழு ஜோடிச் செருப்பு. ஜோடி ஜோடியாகச் சேர்த்து, மணல் தட்டி, அழகாக அடுக்கி வைத்திருந்தார். ஏழு பேரில் ஒருத்தருக்காவது அங்கே உட்கார்ந்திருக்கத் தோன்றவில்லை. யார் முகத்தைப் பார்ப்பது என்றே தெரியவில்லை எனக்கு.

டிரைவர்தான் வாயைத் திறந்தார். "ஸார், ஆச்சியம்மா தண்ணியில கால் வைக்கணும், அவ்வளவுதானே? இது ஆண் கடல் முட்டுற இடம். பெண் கடலுக்குப் போவோம் ஸார்."

ஆண் கடல், பெண் கடல் என்பது அந்தப் பக்கத்து மீனவர்கள் வைத்த பெயர். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். அலை முரட்டுத்தனமாக வரும். வடக்கே பாக் விரிகுடா பெண் கடல். ஆழம் குறைவு. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தீவும் தனுஷ்கோடி மணல்திட்டும் குறுக்கே நிற்பதால் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் கதை தலைகீழ். பெண் கடலுக்கும் கோபம் வந்துவிடும்!

மறுபடி பாலம் ஏறி, மண்டபம் தாண்டி, உச்சிப்புளிக்கு முன்னால் திரும்பினால் அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பு நிழல். அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வாண்டுகள் உள்ளே நடந்துகொண்டே போகின்றன, தண்ணீர் இடுப்பைத் தாண்டக் காணோம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் தோப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே அதே மணல். நாற்காலி மறுபடி புதைந்தது. நான் தள்ளுகிறேன், அத்தான் இழுக்கிறார், அப்பச்சி ஆலோசனை சொல்கிறார். (அரசாங்க வேலையில் இருந்து ரிடையர் ஆனவர்.)

பக்கத்தில் இளநீர்க் கடை வைத்திருந்த பெரியவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தார்.

"தம்பி, முன்னால தள்ளுனா சின்னச் சக்கரம் புதையத்தான் செய்யும். வண்டியைத் திருப்புங்க. பின்பக்கமாச் சாய்ச்சு, பெரிய சக்கரத்துல இழுங்க."

சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னாலிருந்து நாலு கிடுகுகளை எடுத்து வந்தார். கூரைக்குப் பின்னின தென்னங்கிடுகு. இரண்டை மணலில் விரித்தார். அதன் மேல் நாற்காலியை இழுத்ததும் அடுத்த இரண்டை விரித்தார். தாண்டிய கிடுகை எடுத்து மறுபடி முன்னால் போட்டார். வாண்டுகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கிடுகை எடுக்கிற வேலையை அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். ஈர மணல் வந்ததும் கிடுகே வேண்டியிருக்கவில்லை. ஈர மணல் கெட்டியாக இருக்கும், சக்கரம் தானாக உருளும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து மரப்பாதை போட்டார்கள். நல்ல காரியம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பதம் பார்த்தது. பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதை செய்கிற வேலையைத்தான் இங்கே நாலு கிடுகும் ஒரு பெரியவரும் செய்தார்கள். ஆனால், எல்லாக் கடற்கரையிலும் ஒரு பெரியவர் கிடைப்பாரா? அதற்காகத்தான் பாதை வேண்டும் என்கிறேன்.

கடையிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் அதைப் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டோம். நானும் அத்தானும் அப்பத்தாவைத் தூக்கி அதில் உட்கார வைத்தோம். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார். காலை ஆட்டினார். பிறகு வடக்கே பார்த்தார். கிழக்கே பார்த்தார்.

"கொழும்பு எந்தப் பக்கம்?"

கையைக் காட்டினேன்.

"அப்பச்சி கடந்து போன தண்ணிதானே இது?"

"அதே தண்ணிதான் அப்பத்தா."

பெரிய வாண்டு பக்கத்தில் வந்து, "நீங்களும் கடலுக்கு இப்பதான் ஃபர்ஸ்ட் டைமா?" என்று கேட்டது. அப்பத்தா பதில் சொல்லாமல் அதன் முகத்தில் ஒரு கை தண்ணீரை அடித்தார். அப்புறம் நடந்தது யுத்தம். ஒரு மணி நேரம். 84 வயசு ஜெயித்தது.

கரையேறியதும் அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "ஒரு செம்பு தண்ணி குடு தம்பி. தாகமா இருக்கு." முந்தின நாள் ராத்திரிக்குப் பிறகு அப்போதுதான் குடித்தார். கூடவே ஒரு இளநீரும். பெரியவர் அதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். கிடுகுக்கும் நாற்காலிக்கும் வாங்க மறுத்துவிட்டார்.

நீங்களும் உங்கள் வீட்டுக் காவல்காரரைக் கூட்டிப் போவதாக இருந்தால், அனுபவத்தில் சொல்கிறேன். வைகாசி முதல் ஆவணி வரை பெண் கடலுக்குப் போங்கள். வெயில் தாழ்ந்து போங்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இரண்டு கோரைப்பாயும் வேனிலேயே இருக்கட்டும். படியில்லாத கழிவறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து, அதைப் பெரியவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்கள்.

திரும்பும்போது வேன் ஏறப் போனோம். எல்லோருக்கும் வெறுங்கால். அப்பத்தாவைச் சுற்றி நின்ற அவசரத்தில் யார் செருப்பை எங்கே விட்டோம் என்று ஒருத்தருக்கும் நினைவில்லை. தேடினோம். என்னுடையதில் வலதுகால் செருப்பு மட்டும் கிடைக்கவே இல்லை.

வேனுக்குள்ளிருந்து அப்பத்தா குரல் கொடுத்தார்:

"காவலுக்கு ஆள் இல்லைன்னா இப்படித்தான்!"